பொக்கற்றுக்குள் அடங்கும் பிலிம் கமராக்கள்: திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பின்னேரங்களில் டச்சுபே கடற்கரையில் நின்று, சேட்டுப் பொக்கற்றிலிருந்து கறுப்புச் சவர்க்காரக் கட்டி மாதிரி ஒன்றை எடுத்துத் திறந்தால் இரண்டு பேராவது கிட்ட வந்து விடுவார்கள். முதற்கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "இதுக்கு இன்னும் பிலிம் கிடைக்குதா?" கிடைக்கிறது. மற்றக் கேள்விகளுக்கு நின்ற நிலையில் பதில் சொல்லி முடியாது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். நான் ஸ்ரூடியோக்காரனும் இல்லை, கமரா விற்பவனும் இல்லை. இவற்றை வாங்கி, உடைத்து, திருத்தப் பார்த்துத் தோற்று, திரும்பவும் வாங்கிய ஆள்.

கொம்பாக்ட் கமரா எண்டு எதைச் சொல்றீங்கள்?

35 மி.மீ. பிலிம் போடுகிற, லென்ஸ் கழற்ற முடியாத, பொக்கற்றுக்குள் அடங்குகிற கமரா. பார்த்து அமத்தினால் போதும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கலியாண வீட்டில் ஸ்ரூடியோக்காரர் பெரிய கமராவோடு மணவறைக்கு முன்னால் நிற்பார். ஏதோ ஒரு மாமா கதிரை வரிசைக்குப் பின்னால் நின்று தன்பாட்டில் பிளாஷ் அடித்துக்கொண்டிருப்பார். அந்த மாமாவின் கையில் இருந்தது இதுதான்.

போனிலேயே வடிவாப் படம் வருது. ஏன் இந்தக் கரைச்சல்?

வடிவாகத்தான் வருகிறது. மழை இருட்டிலோ, பிள்ளைகள் ஓடித் திரிகிற வீட்டிலோ போன் எடுக்கிற படத்துக்குக் கிட்டவும் என் கமரா வராது. அதில் சண்டை இல்லை.

ஆனால் போனால் எடுத்தால் வேலை எடுத்த பிறகுதான் தொடங்குகிறது. ஒரே மானை நாற்பது தரம் எடுத்து, எது நல்லது என்று பார்த்து, மற்றதை அழித்து, நிறம் கூட்டி, குடும்பக் குழுவில் போட்டு, யார் பார்த்தார்கள் என்று திரும்பப் பார்த்து... பெரிய எஸ்.எல்.ஆர். கமராவில் இதே தலையிடி எடுப்பதற்கு முன்னால் வருகிறது: எந்த லென்ஸ், எந்த அப்பேச்சர் (வெளிச்சம் புகுகிற துவாரம்), எந்த வேகம். எனக்குப் பிடித்த சின்னக் கமராக்கள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. ஒரேயொரு முடிவை மட்டும் என்னிடம் விட்டுவிட்டு மற்றதைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். அந்த ஒன்று எது என்பதில்தான் கமராவுக்குக் கமரா குணம் வேறுபடுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. மீன் சந்தையில் பாரைக்குட்டி வெட்டிக்கொண்டிருந்த ஒரு அண்ணரிடம் போனைத் தூக்கினேன். கத்தியை நிறுத்திவிட்டு, "எங்க போடப் போறாய்?" என்றார். அடுத்த கிழமை அதே இடத்தில் சின்னக் கமராவை எடுத்துக் காட்டினேன். "பொறு" என்று சொல்லி, கையைச் சாரத்தில் துடைத்து, தலைமயிரை ஒதுக்கி, மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். கத்தி நின்றது இரண்டு தரமும்தான். நின்ற விதம் வேறு.

உங்களுக்கு ஆகப் பிடிச்சது எது?

ஒலிம்பஸ் எக்ஸ்.ஏ. 2. மறுபேச்சில்லை.

1979இல் ஒலிம்பஸ் எக்ஸ்.ஏ. என்ற கமரா வந்தது. வடிவமைத்தவர் யொஷிஹிசா மைத்தானி. ஒரு படத்தின் இடத்தில் இரண்டு படம் எடுக்கிற அரைச்சட்டகக் கமராக்களில் பேர்போன 'பென்'னும், ஓ.எம். வரிசையும் அவருடைய கைதான். அந்தக் காலத்தில் பல சின்னக் கமராக்களுக்கும் லென்ஸ் மூடி தனி, உறை தனி. மூடி தொலையும், உறையைக் கழற்றுவதற்குள் ஆள் போய்விடும். மைத்தானி மூடியையே கமராவின் முகமாக்கினார். நுங்கு மூடி மாதிரி அரைவட்டமாக ஒரு கதவு, பக்கவாட்டில் தள்ளினால் லென்ஸும் பார்க்கிற கண்ணாடியும் சேர்ந்து வெளியே வரும், கமராவும் உயிர் பெறும். மூடினால் நித்திரை. அடுத்த வருடம் வந்த எக்ஸ்.ஏ. 2 அதன் எளிய தங்கச்சி.

எக்ஸ்.ஏ. 2 என்னிடம் விடுகிற ஒரே முடிவு தூரம். லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தள்ளி, மூன்று படம்: தலை, நிற்கிற ஆட்கள், மலை. கிட்ட, நடு, தூரம். வெளிச்சத்தை அதுவே அளந்து வேகத்தையும் துவாரத்தையும் போட்டுக்கொள்ளும். இரண்டு செக்கனிலிருந்து செக்கனில் 750இல் ஒரு பங்கு வரை போகும். லென்ஸ் 35 மி.மீ., எஃப் 3.5 (எஃப் என்பது துவாரத்தின் அளவு, எண் குறையக் குறையத் துவாரம் பெரிது). கதவை மூடினால் தள்ளி தானாகவே நடுவுக்கு வந்து விடும். இந்தச் சின்னப் புத்திதான் எனக்கு ஆகப் பிடித்தது. போன தரம் மலைக்கு வைத்து மறந்ததால் இந்த முறை மச்சாளின் முகம் மங்கியது என்ற பேச்சே இல்லை.

பிரட்றிக் கோட்டை வாசலால் கோணேசர் கோயிலுக்கு ஏறினால் புள்ளிமான்கள் வழியில் நிற்கும், தெரியும்தானே. ஒரு நாள் காலமை, அர்ச்சனைத் தட்டோடு போன ஒரு அம்மாவின் வாழைப்பழத்துக்கு ஒரு மான் மூக்கை நீட்டியது. கதவைத் தள்ள ஒரு விரல், தலைப் படத்துக்குத் தள்ள ஒரு விரல், சிவப்புப் பொத்தானில் ஒரு விரல். அந்தப் பொத்தான் மற்றக் கமராக்களில் போலக் கீழே இறங்காது, தொட்டாலே போதும். 'டிக்' என்று கைக்கடிகாரம் அளவுக்கு ஒரு சத்தம். மான் காதைக்கூட அசைக்கவில்லை. அதன் பிறகு பெருவிரலால் பல்லுச் சில்லைச் சுற்றும்போது வருகிற 'கிர்ர் கிர்ர்' தான் பெரிய சத்தம். அதற்குத் திரும்பிப் பார்த்தது.

குறை இல்லாமல் இல்லை. மிகவும் தொட்டாச்சிணுங்கியான பொத்தான், பொக்கற்றுக்குள் கதவு திறந்தால் உள்ளுடுப்புத் துணியைப் படமெடுக்கும். என்னிடம் அப்படி ஆறு படம் இருக்கிறது.

அப்ப எக்ஸ்.ஏ. தானே அதைவிட மேல்?

லென்ஸ் மேல்: எஃப் 2.8. துவாரத்தையும் நீங்களே வைக்கலாம். ஆனால் போக்கஸ் பண்ண, கண்ணாடியில் தெரிகிற இரண்டு உருவத்தை ஒன்றாகச் சேர்க்க வேண்டும், அதற்கான தள்ளியோ தீக்குச்சித் தலை அளவு. பழைய கமராவில் அந்த இரண்டாவது உருவம் மங்கிப் போயிருக்கும். இரண்டு முடிவு எனக்குக் கூட. உங்களுக்குக் கூடாவிட்டால் எக்ஸ்.ஏ. வாங்குங்கள், நல்ல சாமான்.

ஒலிம்பஸ் மியூ 2 தான் கொம்பாக்டுகளின் ராசா எண்டு எல்லாரும் சொல்லுகினமே?

1997இல் வந்தது. எஃப் 2.8 லென்ஸ், தூறலுக்குத் தாங்கும் உடம்பு, கூழாங்கல் மாதிரிக் கையில் வழுவழுக்கும். படம் உண்மையிலேயே கூர்மை. இரண்டு வருடம் வைத்திருந்தேன்.

அதோடு என் வழக்கு பிளாஷ்தான். பிளாஷை நிறுத்தி வைத்து, கதவை மூடித் திரும்பத் திறந்தால் அது பழையபடி தானியங்கிக்கு வந்துவிடும். ஒவ்வொரு தரமும் பொத்தானைத் தேடி அமத்த வேண்டும். பத்திரகாளி அம்மன் கோயிலடியில் விளக்கு வெளிச்சத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மம்மாவை எடுக்கப் போய், மறந்து போனேன். பளீர்! மல்லிகைச் சரமும் அம்மம்மாவும் நானும் மூன்று பேரும் திடுக்கிட்டோம். எக்ஸ்.ஏ. 2 மூடும்போது எனக்கு வேண்டியதுக்குத் திரும்புகிறது, மியூ 2 எனக்கு வேண்டாததுக்குத் திரும்புகிறது. அவ்வளவு வித்தியாசம். இப்போது கேட்கிற விலைக்கு அது தகாது என்பது என் எண்ணம். 1991இல் வந்த முதல் மியூவும் எஃப் 3.5 லென்ஸோடு முக்கால்வாசி அந்தச் சந்தோசத்தைத் தரும், பெயர் குறைவு, விலையும் குறைவு.

வீட்டு அலுமாரியில மாமா சவூதியால கொண்டு வந்த யாசிக்கா ஒண்டு கிடக்கு. வேலை செய்யுமா?

இந்தக் கேள்விதான் ஆகக் கூட வருகிறது. எங்கள் மாவட்டத்தில் அலுமாரிக்கு ஒரு கமரா கிடக்கிறது போல. யாசிக்கா எம்.எஃப். 2 என்று போட்டிருந்தால் சந்தோசப்படுங்கள். போக்கஸ் என்ற வேலையே இல்லாத கமரா, தூரம் நிரந்தரமாகப் பூட்டப்பட்டிருக்கும், இரண்டு பென்ரோச் பற்றறி போதும். கடையில் வாங்கிய நாளில் எப்படியோ இன்றும் அப்படித்தான் எடுக்கும்: வெயிலில் நல்லது, கிட்டப் போனால் மங்கல்.

முதலில் பற்றறிக் கதவைத் திறவுங்கள். பழைய பற்றறி கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். அது காரம், ஆகவே புளிக்குத்தான் போகும். காது குடைகிற பஞ்சுக் குச்சியை வினாகிரியிலோ தேசிக்காய்ப் புளியிலோ தோய்த்துத் தேய்த்து, பிறகு ஈரமில்லாமல் துடைத்து ஒரு நாள் காயவிடுங்கள். தகடு முற்றாகத் தின்னப்படாமல் இருந்தால் கரண்டு திரும்ப ஓடும்.

இரண்டாவது பின்கதவு. ஓரத்துப் பள்ளத்தில் வெளிச்சம் புகாமல் இருக்கக் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருப்பார்கள். முப்பது வருடத்தில் அது தார் மாதிரி உருகியிருக்கும். தொட்டால் விரலை விட்டுப் போகாது. அதோடு பிலிம் போட்டால் படத்தில் செம்மஞ்சள் கீறு விழும். பல்லுக்குத்தும் குச்சியால் சுரண்டி, சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைத்து, தையல்காரரிடம் கறுப்பு வெல்வெற் துண்டு ஒன்று கேட்டு மெல்லிசாக வெட்டி ஒட்டுங்கள். ஒரு மணித்தியால வேலை.

மூன்றாவது லென்ஸ். போன் ரோச்சைச் சரித்து அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல் தெரிந்தால் பூஞ்சணம். ஓரத்தில் கொஞ்சம் என்றால் படத்தில் தெரியாது, நடுவில் படர்ந்திருந்தால் வெளிச்சம் பரவிப் புகைமூட்டமாக வரும்.

செய்யக்கூடாத ஒன்று: பிளாஷ் உள்ள கமராவின் உடம்பைக் கழற்றாதீர்கள். பிளாஷுக்கு மின்னைச் சேர்த்து வைக்கிற கொண்டென்சர் 300 வோல்ற் அளவு பிடித்து வைத்திருக்கும், பற்றறியைக் கழற்றிய பிறகும் கூட. நான் ஒரு தரம் வாங்கியிருக்கிறேன். கமரா ஒரு பக்கம், திருப்புளி ஒரு பக்கம் பறந்தது.

பற்றறியே வேண்டாத கமரா இருக்கா?

ஒலிம்பஸ் ட்ரிப் 35. 1967இல் வந்தது. லென்ஸைச் சுற்றிப் பலாப்பழத் தோல் போலப் பொருக்குப் பொருக்காக ஒரு வளையம் இருக்கும். அதற்குள் இருப்பது செலேனியம். வெயில் பட்டால் தானே கரண்டு உண்டாக்கி, அந்தக் கரண்டால் துவாரத்தை வைக்கும். வேகம் இரண்டேதான்: 40இல் ஒன்று, 200இல் ஒன்று. வெளிச்சம் போதாவிட்டால் பார்க்கிற கண்ணாடிக்குள் ஒரு சிவப்புக் கொடி எழும்பும், பொத்தான் இறங்காது. "இந்தப் படம் வேண்டாம்" என்று கமராவே சொல்லி மறிக்கிறது. வாங்கும்போது பரிசோதிக்கவும் இதுதான் வழி. லென்ஸைக் கையால் பொத்திக்கொண்டு அமத்துங்கள், கொடி வர வேண்டும். வெயிலுக்குக் காட்டி அமத்துங்கள், வரக்கூடாது. இரண்டுக்கும் கொடி வந்தால் செலேனியம் செத்துவிட்டது, வைத்துவிட்டு வாருங்கள்.

சோடியா நிக்கிற ஆக்களை எடுத்தால் அவை மங்கி, பின்னால கடல் கூர்மையா வருது. கமரா பழுதா?

பழுதில்லை. தானாகப் போக்கஸ் பண்ணுகிற கமரா நடுவைத்தான் பார்க்கும். இரண்டு பேருக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் அதற்குத் தெரிவது கடல், ஆகவே கடலுக்குப் போக்கஸ் பண்ணும். கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலை உச்சியில், இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் எடுத்த எத்தனை தேன்நிலவுப் படங்கள் இப்படிப் போயிருக்கும்!

தானாகப் போக்கஸ் பண்ணுகிற கமரா கடைக்கு வந்தது 1977இல், கொனிகா சி35 ஏ.எஃப். இரண்டு வருடம் கழித்துக் கனன் ஏ.எஃப்.35எம் வந்தது. இது அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரம் அறியும். பின்னால் வந்த பல கொம்பாக்டுகள் இந்த வழியையே பிடித்தன. அதனால்தான் இரயில் யன்னல் கண்ணாடிக்கு ஊடாக எடுத்தால் சில கமராக்கள் கண்ணாடியிலேயே போக்கஸ் பண்ணிவிடுகின்றன. யன்னலைத் திறவுங்கள். எங்கள் இரயிலில் அது எப்படியும் திறந்துதான் கிடக்கும்.

சோடிப் படத்துக்கு வழி: ஒருவரின் முகத்தை நடுவில் வைத்து, பொத்தானை அரைவாசி அமத்திப் பிடித்துக்கொண்டு, கமராவை நகர்த்தி இருவரையும் சட்டத்துக்குள் கொண்டுவந்து மிச்சத்தை அமத்துவது. அரை அமத்தலுக்குப் பூட்டுகிற கமரா என்றால்தான் இது சரிவரும். நிக்கோன் எல்35 ஏ.எஃப். அப்படி ஒன்று. 1983இல் வந்தது, இரண்டு பென்ரோச் பற்றறி, எஃப் 2.8 லென்ஸ். பார்க்கிற கண்ணாடிக்குள் ஒரு ஊசி தலைப் படத்துக்கும் மலைப் படத்துக்கும் இடையில் நகர்ந்து எங்கே போக்கஸ் ஆனது என்று காட்டும். செங்கல் மாதிரி இருக்கும், பொக்கற்றில் வைத்தால் சேட்டு ஒரு பக்கம் இழுபடும். பிளாஷ் தானாக எழும்பும், வேண்டாம் என்றால் விரலால் அமத்திப் பிடிக்க வேண்டும். நாய்க்குட்டியின் தலையை அமத்திப் பிடிக்கிற மாதிரி. அதுவும் ஒரு சந்தோசம்தான், ஏனோ தெரியாது.

சூம் உள்ளது வாங்கலாமா?

மலிவாகக் கிடைக்கும், காரணம் இருக்கிறது. லென்ஸை முழுக்க நீட்டினால் துவாரம் எஃப் 10 அளவுக்குச் சுருங்கிவிடும். நடுமத்தியானத்தில் சரி, ஐந்து மணிக்குப் பிறகு எல்லாம் ஆட்டம். நீட்டாமல் எடுக்கிற மனக்கட்டுப்பாடு இருந்தால் வாங்குங்கள்.

கொன்ராக்ஸ், ரிக்கோ, ரோலை?

கொன்ராக்ஸ் டி2 (1990) டைட்டேனியம் உடம்பு, சொனார் லென்ஸ். பிரபலங்களின் கையில் பார்த்த பிறகு அதன் விலை நகைக்கடைக்குப் போய்விட்டது. ரிக்கோ ஜி.ஆர். 1 (1996) 28 மி.மீ. லென்ஸோடு ஒரு கொப்பி அளவு மெல்லிசு, ஆனால் மேலே உள்ள எண்கள் காட்டுகிற திரை காலப்போக்கில் மங்கிச் சாகிறது. இரண்டும் அருமையான படம் தரும். இரண்டும் செத்தால் திருத்த இங்கே ஆளில்லை. ஒரு ஷட்டர் செத்தால் ஒரு மோட்டார் சைக்கிள் விலை போகிற சாமானை நான் கிண்ணியாப் பாலத்தில் காற்றடிக்க வெளியே எடுக்க மாட்டேன், ஆகவே அது எனக்குக் கமரா இல்லை.

ரோலை 35 வேறு கதை. 1966இல் ஹைன்ஸ் வாஸ்கே என்ற ஜெர்மன்காரர் செய்த உலோகக் குட்டி. எண்ணும் ஊசியும் சில்லும் எல்லாம் கண்ட கண்ட இடத்தில், பிளாஷ் பூட்டும் இடம்கூட அடியில். தூரத்தைக் கண்மதிப்பால் வைக்க வேண்டும். ஒன்றல்ல, எல்லா முடிவையும் உங்களிடமே விடும். நண்பன் ஒருவனிடம் இருக்கிறது. அவன் ஒரு படம் எடுத்து முடிக்க நான் தேத்தண்ணி குடித்து முடிப்பேன்.

எங்கட வெயிலுக்கு எந்தப் பிலிம்?

ஐ.எஸ்.ஓ. 200 நிறப் பிலிம் போதும் (வெளிச்சத்தைப் பிலிம் எவ்வளவு கெதியாகப் பிடிக்கும் என்று சொல்கிற எண் அது). கொடாக் கோல்ட், கலர்பிளஸ் இரண்டும் சரி. முழு வெயிலில் துவாரம் எஃப் 16, வேகம் பிலிமின் எண்ணில் ஒன்று என்பது பழைய கணக்கு. 400 பிலிமை ட்ரிப் 35இல் போட்டு நிலாவெளி மணலில் நின்றால், அதன் ஆக வேகமான 200இல் ஒன்றும் ஆகச் சின்னத் துவாரமான எஃப் 22உம் சேர்ந்தாலும், மணல் திருப்பி அடிக்கிற வெளிச்சத்துக்கு ஒரு படி கூடித்தான் விழும். நிறப் பிலிம் அதைத் தாங்கும், பயமில்லை. அறைக்குள்ளும் அந்திக்கும் 400 போடுங்கள். கறுப்பு வெள்ளைக்கு இல்போர்ட் எச்.பி. 5.

எண்பதுகளின் நடுவுக்குப் பிறகு வந்த கமராக்கள் பலவும் பிலிம் டப்பாவின் கட்டம் கட்டமான டி.எக்ஸ். அடையாளத்தை வாசித்துத் தாங்களே எண்ணை வைத்துக்கொள்ளும். எக்ஸ்.ஏ. 2இல் நீங்கள்தான் வைக்க வேண்டும். மறந்தால் அது உங்கள் பிழை.

கடற்கரை, உப்பு, ஈரம்: எப்படி வைத்திருக்கிறது?

எங்கள் ஊருக்கு இரண்டு காற்று. கச்சான் அடிக்கும் மாதங்களில் காய்ந்த சூடு, பூஞ்சணம் வளராது, ஆனால் பிலிம் வேகும். வாடைக்காற்றோடு மழை தொடங்கினால் அலுமாரிக்குள் சப்பாத்தே பூக்கும், லென்ஸ் எம்மாத்திரம்.

கச்சான் காலத்தில் எடுத்து முடிந்த பிலிமை மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழ் வைக்காதீர்கள். கழுவாத பிலிமில் படம் இன்னும் பச்சைப்பிள்ளை, சூட்டில் நிறம் திரியும். நான் புதுப் பிலிமை பிறிட்ஜில் கருவாட்டுக்கு எட்டாத தட்டில் வைப்பேன். எடுத்த உடனே திறக்க வேண்டாம், வெளிச்சூட்டுக்கு வர ஒரு மணித்தியாலம் விடுங்கள். இல்லாவிட்டால் வேர்க்கும்.

மாரியில் காற்றுப் புகாத பிளாஸ்ரிக் சாப்பாட்டுப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளோடு கமரா. சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற பைகளைச் சேர்த்து வையுங்கள். தோல் உறைக்குள் மட்டும் வைக்காதீர்கள், அது ஈரத்தைக் குடித்து லென்ஸுக்குப் பருக்கும். இதையெல்லாம் விட நல்லது, மாதம் ஒரு தரமாவது வெளியே கொண்டுபோய் எடுப்பது.

மணல்தான் ஆக மோசம். தள்ளுகிற கதவுள்ள கமராவின் தவாளிப்பில் ஒரு மணல் போதும். நிலாவெளியில் வள்ளம் இழுக்கிற ஆட்களை எடுக்கப் போய் என் மியூவின் கதவு 'கரகர' என்றது. ஊதினேன், தட்டினேன். கடைசியில் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. மேலே சொன்ன இரண்டு வருடம் முடிந்தது அன்றுதான். இப்போது கடற்கரைக்குப் போனால் கமரா சொப்பிங் பைக்குள், பை பொக்கற்றுக்குள்.

36 படம் எடுத்தேன், ஒண்டும் விழேல்ல. என்ன நடந்தது?

பிலிம் பிடிக்கவில்லை. எங்கள் ஊர்க் கோயில் தேருக்கு நான் முழுநாளும் எடுத்தேன்: வடம் பிடித்த கைகள், தேர்ச்சில்லுக்குக் கட்டை போடுகிற பெடியன்கள், தண்ணீர்ப் பந்தல் மோர். பின்னேரம் எண் 36ஐத் தாண்டி 39 என்றது. 39க்கு ஏது பிலிம்? அப்போதுதான் வயிற்றுக்குள் என்னவோ செய்தது. திறந்து பார்த்தால் பிலிம் நாக்கு சுருளில் மாட்டாமல் அப்படியே கிடக்கிறது. எண் காட்டி தன்பாட்டில் எண்ணியிருக்கிறது.

கையால் சுற்றும் கமராவில் பிலிம் போட்டு மூடிய பிறகு, திரும்பச் சுற்றுகிற கைபிடியை இறுக்கம் வரும் வரை மெல்லச் சுற்றுங்கள். பிறகு ஒரு படம் முன்னே சுற்றும்போது அந்தக் கைபிடி எதிர்ப்பக்கமாகச் சுழல வேண்டும். சுழன்றால் பிலிம் ஓடுகிறது. மோட்டார் உள்ளதில் எண் 1க்கு வராவிட்டால் திறந்து திரும்பப் போடுங்கள். பூஜி கொம்பாக்டுகள் பலவற்றில் ஒரு கெட்டித்தனம் உண்டு. போட்டவுடன் முழுப் பிலிமையும் வெளியே இழுத்துவிட்டு, எடுக்க எடுக்க ஒவ்வொன்றாக டப்பாவுக்குள் திருப்பி அனுப்பும். தவறிக் கதவு திறந்தாலும் எடுத்த படம் தப்பும்.

கழுவிறது எங்க?

நிறப் பிலிமை நான் கொழும்புக்கு அனுப்புகிறேன், அல்லது இரவு மெயிலில் போகிற ஆளிடம் கொடுத்து விடுகிறேன். கொடுக்கும்போதே "நெகட்டிவ் திரும்ப வேணும்" என்று சொல்லுங்கள். ஒரு இடத்தில் சொல்ல மறந்து, ஸ்கான் மட்டும் வந்தது. நெகட்டிவ் குப்பைக்குப் போயிருந்தது. அந்த றோலில் அப்பா இருந்தார்.

கறுப்பு வெள்ளையை வீட்டில் கழுவலாம். சிக்கல் வெப்பநிலை. பெட்டியில் 20 பாகை என்று இருக்கும், எங்கள் குழாய்த் தண்ணீரோ 30ஐத் தொடும். பொலித்தீன் பையில் ஐஸ் கட்டி மிதக்கவிட்டு 24க்குக் கொண்டுவாருங்கள். 20இல் பத்து நிமிடம் என்றால் 24இல் ஏறத்தாழ ஏழு. நிறப் பிலிமுக்கு 38 பாகை தேவை, ஆகவே அதுதான் எங்கள் தண்ணீருக்குக் கிட்டிய சொந்தம். கன்னியாவில் ஏழு கிணற்றில் ஏதாவதொன்று சரியாக 38இல் நிற்கும் என்று நண்பன் பகிடி விடுவான். கெமிக்கலைத் தேடிப் பிடிப்பது பகிடி இல்லை.

எங்க எடுக்கக் கூடாது?

கடற்படைத் தளம், சீனன்குடா விமானப்படைப் பக்கம், கோட்டைக்குள் இராணுவம் இருக்கிற கட்டடங்கள், எந்தச் சோதனைச் சாவடியும். கமரா சின்னது, ஒளித்து எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். போனில் என்றால் அழிக்கச் சொல்லி விடுவார்கள். பிலிமில் ஒன்றை மட்டும் அழிக்க வழியில்லை, முழு றோலும் வெளிச்சம் பார்க்கும்.

புதுசா ஏதும் செய்யிறாங்களா?

செய்கிறார்கள். 2024இல் பென்ரக்ஸ் 17 வந்தது. ஒரு சட்டத்தை இரண்டாக்கி 36 படப் பிலிமில் 72 எடுக்கும், கையால் சுற்ற வேண்டும், தூரத்தைப் படக்குறி பார்த்து வைக்க வேண்டும். எக்ஸ்.ஏ. 2ஐப் பிடித்தவர்களுக்கு இதுவும் பிடிக்கும் என்று நினைக்கிறேன். கையில் தூக்கிப் பார்த்தேன், சுற்றுகிற நெம்புகோல் நல்ல இறுக்கம். கொடாக் பெயரில் வருகிற எக்ரார் எச்35 அதே அரைச்சட்டகம், பிளாஸ்ரிக் விளையாட்டுச் சாமான் விலை. பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க நல்லது.

பற்றறி இங்க கிடைக்குமா?

பென்ரோச் பற்றறி எந்தப் பெட்டிக்கடையிலும். எக்ஸ்.ஏ. 2க்கு வேண்டிய எல்.ஆர். 44 என்ற பொத்தான் பற்றறி, மணிக்கூடு திருத்துபவரிடம். மியூ 2 கேட்கிற சி.ஆர். 123 ஐக் கொழும்பிலிருந்து வரும்போது இரண்டாக வாங்கி வாருங்கள். கமரா தெரிவு செய்யும்போது லென்ஸுக்கு முன் பற்றறிக் கதவைத்தான் நான் பார்க்கிறேன்.

பழைய படங்களில மூலையில செம்மஞ்சளாத் திகதி விழுமே, அதை இப்ப எப்படி வைக்கிறது?

திகதி போடுகிற பின்கதவுள்ள பல கமராக்களில் வருடம் 2019 ஓடு முடிந்துவிடும், அடுத்து 1987க்கோ அந்தப் பக்கத்துக்கோ சுற்றிப் போகும். இந்த வருடத்திலிருந்து 28ஐக் கழித்து வையுங்கள். 2026க்கு '98. கிழமையும் பொருந்தும், லீப் வருடமும் பொருந்தும்.

போன மாதம் உப்புவெளியில் தங்கச்சியின் மகளை அப்படி எடுத்து பிறின்ற் போட்டுக் கொடுத்தேன். பத்து வயது. படத்தைப் பார்த்துவிட்டு, "மாமா, '98இல நான் இல்லையே" என்றாள். அம்மா வாங்கிக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தா. "இது இவளின்ர அம்மா எல்லோ" என்று சொல்லி, பழைய அல்பத்தில் '98 பக்கத்தில் சொருகி வைத்துவிட்டா. நான் எடுத்து மாற்றவில்லை.